கிரிம்ப் போட்டால் குரூப் சுருங்குமா?

கையால் ரீலோட் செய்த, அதாவது சுட்ட பித்தளைக் கேஸில் (தோட்டாவின் உறை) புதிய பிரைமரும் (அடியில் இருக்கும் தீமூட்டி) மருந்தும் குண்டும் வைத்துக் கட்டிய, ரைஃபிள் தோட்டாவில் குண்டைப் பிடித்து வைத்திருப்பது பித்தளைக் கழுத்தின் இறுக்கம் மட்டும்தான். .308 வின்செஸ்டர் என்ற தோட்டா வகையை எடுத்துக்கொள்வோம். குண்டின் விட்டம் 0.308 அங்குலம், அதாவது 7.82 மி.மீ. சைசிங் டையிலிருந்து (சுட்டதும் விரிந்த கேஸைப் பழைய அளவுக்கு ஒடுக்கும் அச்சு) வெளியே வரும் கேஸின் கழுத்து உள்விட்டம் 0.306 அங்குலம் அளவில் இருக்கும். குண்டை உள்ளே அழுத்தும்போது கழுத்து அந்த 0.002 அங்குலம் (0.05 மி.மீ.) விரிந்து கொடுக்கிறது, உடனே பழைய அளவுக்குச் சுருங்கப் பார்க்கிறது. அந்தச் சுருங்கும் விசைதான் குண்டைக் கவ்வுகிறது. இதைக் கழுத்துப் பிடி என்று வைத்துக்கொள்ளலாம்.

கிரிம்ப் இதற்கு மேல் செய்யும் வேலை. கேஸின் வாய் விளிம்பை குண்டின் மேல் உள்நோக்கி மடக்குவது, அல்லது சுற்றிலும் நெரிப்பது. இது துல்லியத்துக்காக வந்த வழக்கமே கிடையாது. தோட்டாக்களை அடுக்கி வைக்கும் மேகசினில் குலுங்கினாலும், தோட்டாவை உள்ளே ஏற்றும் போல்ட் அறைந்து தள்ளினாலும், குண்டு முன்னாலோ பின்னாலோ நகராமல் இருக்க வந்தது. ஆனாலும் கிரிம்ப் போட்டதும் குரூப் (இலக்கில் விழும் துளைகளின் பரவல்) சுருங்கியது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள், போட்டதும் சிதறியது என்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டுமே நடக்கக்கூடியவை. முதலாமவரின் கழுத்துப் பிடி ஏற்கெனவே தோட்டாவுக்குத் தோட்டா மாறிக்கொண்டிருந்தது, கிரிம்ப் அதை ஓரளவு மூடி மறைத்தது. இரண்டாமவரின் கழுத்துப் பிடி ஒழுங்காகவே இருந்தது, சீரற்ற கிரிம்ப் வந்து அதைக் கெடுத்தது. மீதியெல்லாம் இதன் விவரம்தான்.

மூன்று வகை, மூன்று குணம்

ரோல் கிரிம்ப்: டைக்குள் இருக்கும் வளைந்த படி கேஸின் வாயை உள்பக்கமாகச் சுருட்டி விடும். சுருண்ட விளிம்பு போய் உட்கார குண்டில் ஒரு பள்ளம் வேண்டும். குண்டைச் சுற்றி வரிவரியாகக் கொத்தியிருக்கும் அந்தப் பள்ளத்துக்குப் பெயர் கேனலூர். கேனலூர் இல்லாத குண்டில் ரோல் கிரிம்ப் போடக்கூடாது. விளிம்புக்குப் போக இடமில்லாமல் குண்டின் மேலுறையான ஜாக்கெட்டைக் கடிக்கும், அதுவும் முடியாவிட்டால் கேஸே நெளியும்.

டேப்பர் கிரிம்ப்: சரிவான உள்சுவர் வாயை மெல்ல ஒடுக்கும், சுருட்டாது. வாய் விளிம்பையே ஆதாரமாக வைத்து சேம்பரில் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை) நிற்கும் தோட்டாக்களுக்கு இது அவசியம். பெரும்பாலான செமி ஆட்டோ கைத்துப்பாக்கித் தோட்டாக்கள் அப்படித்தான், .30 கார்பைனும் அந்த இனம். ரைஃபிளில் செமி ஆட்டோவுக்கு லேசாகப் போடுபவர்கள் உண்டு.

காலெட் கிரிம்ப்: லீ நிறுவனத்தின் ஃபேக்டரி கிரிம்ப் டை இதற்குப் பெயர் பெற்றது. ரைஃபிளுக்கான அந்த டையில் பிளவுபட்ட விரல்கள் போன்ற காலெட் ஒன்று இருக்கும். ரீலோடிங் பிரஸ்ஸின் ராம் (மேலும் கீழும் நகரும் தண்டு) மேலே வந்ததும், அதன் முனையில் கேஸைப் பிடித்திருக்கும் ஷெல் ஹோல்டர் காலெட்டைத் தள்ள, விரல்கள் பக்கவாட்டிலிருந்து கழுத்தின் மேல்முனையை நெரிக்கும். கேஸை மேலிருந்து கீழாக அழுத்தும் விசை இதில் கிடையாது. அதனால் தோள் (கேஸின் கழுத்து உடலோடு சேரும் சரிவு) உப்பும் ஆபத்து குறைவு, கேஸ் நீளம் சற்று முன்பின்னாக இருந்தாலும் நெரிப்பின் அளவு பெரிதாக மாறாது. ரைஃபிளுக்கு கிரிம்ப் வேண்டும் என்று முடிவாகிவிட்டால் முதலில் பார்க்க வேண்டிய டை இதுதான். கேனலூர் இல்லாத குண்டிலும் லேசாகப் போட முடியும். ஆனால் லேசாக என்ற சொல்லை மறந்துவிட்டால் குண்டின் இடுப்பில் ஒரு வளையம் பதிந்துவிடும்.

ராணுவக் கேஸ்களில் பிரைமரைச் சுற்றி அடித்திருக்கும் நெரிப்பையும் கிரிம்ப் என்றுதான் சொல்வார்கள். அது வேறு சங்கதி. பிரைமர் குழியை ஸ்வேஜ் செய்தோ (அழுத்தி விரித்தோ) சீவியோ அதை அகற்றினால் போதும், குண்டின் பிடிக்கும் அதற்கும் தொடர்பில்லை.

துல்லியத்தை அது தொடும் இடங்கள்

பிரைமர் வெடித்ததும் மருந்து எரியத் தொடங்கி அழுத்தம் ஏறுகிறது. .308-ன் உச்ச அழுத்தம் சாமி (SAAMI, அமெரிக்கத் துப்பாக்கி, தோட்டாத் தயாரிப்பாளர்களின் தர அமைப்பு) தரப்படி 62,000 பிஎஸ்ஐ. அதில் சிறிய பங்கு அழுத்தம் வந்ததுமே கழுத்து விரிந்து குண்டு கிளம்பிவிடுகிறது. எந்த அழுத்தத்தில் கிளம்புகிறது என்பது பிடியைப் பொறுத்தது. பிடி கூடினால் குண்டு ஒரு நொடிப்பொழுதின் துளி தாமதமாகக் கிளம்பும், அதற்குள் கூடுதல் மருந்து தீப்பிடித்திருக்கும், அழுத்தம் சற்று மேலே ஏறும். மெதுவாக எரியும் மருந்துக்கும், பற்றவைக்கக் கடினமான உருண்டை மருந்துக்கும் இந்தத் தாமதம் சில நேரம் உதவும், வேக வித்தியாசம் குறையும். ஆனால் அந்தத் தாமதம் எல்லாத் தோட்டாவிலும் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஒரு தோட்டாவில் அழுந்திய மடிப்பு, அடுத்ததில் தொட்டும் தொடாத மடிப்பு என்றால், ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் குழலை விட்டு வெளியேறும்.

வேகம் மாறினால் என்ன ஆகும் என்பதைத் தூரம்தான் காட்டிக்கொடுக்கும். 800 மீ/வி வேகத்தில் கிளம்பும் குண்டில் 1 சதவீதம், அதாவது 8 மீ/வி கூடக் குறைய இருந்தால், குண்டு தாழும் அளவு ஏறக்குறைய 2 சதவீதம் மாறும். 100 மீட்டரில் மொத்தத் தாழ்வே 8, 9 செ.மீ.தான். அதில் 2 சதவீதம் இரண்டு மி.மீ.கூட வராது, இலக்குத் தாளில் கண்ணுக்கே தெரியாது. 600 மீட்டரில் அதே குண்டு தோராயமாக 4 மீட்டர் தாழ்ந்திருக்கும், 2 சதவீதம் என்பது 8 செ.மீ. மேலும் கீழுமாகச் சிதறல். 100 மீட்டரில் மட்டும் சுட்டுப் பார்த்து கிரிம்ப் எந்தக் கெடுதலும் செய்யவில்லை என்று முடிவெடுப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

இரண்டாவது இடம் குண்டின் உடல். மேட்ச் குண்டுகளின் ஜாக்கெட் மிக மெல்லிய செம்புக் கலவை, உள்ளே ஈயம். அழுத்திக் கிரிம்ப் போட்டால் ஜாக்கெட்டில் வரும் வளையம் சுற்றிலும் ஒரே ஆழத்தில் இருப்பதில்லை. கழுத்துச் சுவரின் தடிமன் ஒரு பக்கம் 0.36 மி.மீ., எதிர்ப்பக்கம் 0.33 மி.மீ. என்று இருந்தால், தடித்த பக்கத்தில் பள்ளம் ஆழமாக விழும். சுழன்றுகொண்டே பறக்கும் பொருளில் எடை ஒரு பக்கம் சாய்ந்தால் என்ன நடக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. முழுக்கச் செம்பாலான குண்டுகள் இந்த விஷயத்தில் கல் மாதிரி, எளிதில் பள்ளம் விழாது. அவற்றில் பலவற்றுக்கு இடுப்பில் ஏற்கெனவே வெட்டுப் பள்ளங்கள் இருக்கும், கிரிம்ப் வேண்டுமென்றால் அதில் ஒன்றில் போடலாம்.

மூன்றாவது இடத்தைப் பலர் கவனிப்பதே இல்லை, கிரிம்ப்பால் துல்லியம் கெடும் கணக்கில் பெரும்பங்கு இதற்குத்தான் போகும் என்று எண்ணுகிறேன். கேனலூரில் மடக்கினால் குண்டு எவ்வளவு ஆழம் உட்கார வேண்டும் என்பதைக் கேனலூர் தீர்மானித்துவிடுகிறது. குண்டின் மூக்கு வளைவுக்கும் ரைஃபிளிங் (குழலின் உள்ளே வெட்டிய சுருள் வரிகள்) தொடங்கும் இடத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒவ்வொரு ரைஃபிளிலும் வேறு. அந்த இடைவெளியை 0.1 மி.மீ. படிகளில் மாற்றிப் பார்த்து ரைஃபிளுக்குப் பிடித்த ஆழத்தைக் கண்டுபிடிப்பது ரீலோடிங்கில் துல்லியம் தேடுபவர் கையில் இருக்கும் பலமான ஆயுதம். கேனலூருக்குக் கட்டுப்பட்டதும் அந்த ஆயுதம் போய்விடுகிறது. குரூப் விரிந்தால் மடிப்பு கெடுத்தது என்பார்கள். பல நேரம் கெடுத்தது மடிப்பு இல்லை, மடிப்புக்காக ஒத்துக்கொண்ட ஆழம்.

ரைஃபிளை மேசையில் தாங்கி வைத்து மிகச் சிறிய குரூப்புக்காகப் போட்டியிடும் பெஞ்ச்ரெஸ்ட் போட்டிக்காரர்கள் கிரிம்ப் பக்கமே போகாததற்கு இந்த மூன்றும் சேர்ந்த கணக்குதான் காரணம். அவர்கள் ஒற்றைத் தோட்டாவாகக் கையால் சேம்பரில் வைப்பவர்கள். குலுங்கலும் இல்லை, மேகசின் அடியும் இல்லை. கழுத்தைக் கடைந்து சுவரைச் சீராக்குவது, 0.001 அங்குலப் படிகளில் கிடைக்கும் புஷிங்கை (டைக்குள் கழுத்தை ஒடுக்கும் வளையம்) மாற்றிப் பிடியைத் தேர்வது, வாயைப் பதப்படுத்துவது என்று எல்லா உழைப்பையும் கழுத்துப் பிடியிலேயே போடுகிறார்கள்.

கிரிம்ப் இல்லாமல் முடியாத ரைஃபிள்கள்

குழாய் மேகசின் உள்ள லீவர் ரைஃபிள்களில் பேச்சுக்கே இடமில்லை. .30-30 வின்செஸ்டர் 1895-ல் வந்தது முதல் அந்த வகை ரைஃபிளோடு சேர்ந்தே வாழ்கிறது. குழாய்க்குள் தோட்டாக்கள் ஒன்றன் பின் ஒன்றாக வரிசையில் நிற்கும், ஸ்பிரிங் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு முறை சுடும்போதும் மொத்த வரிசையும் உதைபடும். பிடி போதாவிட்டால் குண்டு கேஸுக்குள் இறங்கிவிடும். இங்கே கேனலூரில் ரோல் கிரிம்ப் போட்டே ஆக வேண்டும். தட்டை மூக்குக் குண்டும் அதே போலக் கட்டாயம். கூர்மூக்கு முன்னால் நிற்கும் தோட்டாவின் பிரைமரைக் குத்தும்.

.458 வின்செஸ்டர் மேக்னம், .416 ரிக்பி போன்ற பெரிய உதை கொண்ட தோட்டாக்களில் வேறு விதமான தொல்லை. ரைஃபிள் பின்னால் பாயும், மேகசினில் இருக்கும் தோட்டா இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும், ஆகவே மேகசினின் முன்சுவர் வந்து குண்டின் மூக்கில் மோதும். இரண்டு மூன்று முறை சுட்ட பிறகு அடியில் கிடக்கும் கடைசித் தோட்டாவை எடுத்து அளந்து பார்த்தால் குண்டு உள்ளே இறங்கியிருப்பது தெரியும். ஆபத்தான விலங்குக்கு எதிரே நிற்பவருக்குக் குரூப் அளவில் 5 மி.மீ. கூடுவது ஒரு பொருட்டில்லை, தோட்டா நிச்சயம் ஏற வேண்டும், நிச்சயம் வெடிக்க வேண்டும். அங்கே கிரிம்ப் தான் ராஜா.

செமி ஆட்டோ ரைஃபிள்கள், அதாவது ஏஆர்-15, எம்1 காரண்ட் வகையறா, நடுவில் நிற்கின்றன. ஏறும்போது மூக்கு சேம்பர் வாயிலில் இருக்கும் சரிவான ரேம்பில் இடித்தால் குண்டு பின்னால் போகும். போல்ட் முழு வேகத்தில் வந்து சேம்பரில் கேஸைச் சட்டென்று நிறுத்தினால் குண்டு மட்டும் தன் வேகத்தில் முன்னால் போகப் பார்க்கும். இரு திசை அடி. நல்ல கழுத்துப் பிடி, 0.003 அங்குலம் அளவுக்கு இருந்தால், பல ரைஃபிள்களில் கிரிம்ப் இல்லாமலே தாங்கும். தாங்குகிறதா என்பதைச் சோதிக்க எளிய வழி இருக்கிறது, கீழே வருகிறது.

கிரிம்ப் போட்டால் துல்லியம் செத்தது என்று அடித்துப் பேசுபவர்களுக்கு ஓர் எதிர்ச்சான்று உண்டு. அமெரிக்கப் படைகளுக்காக பிளாக் ஹில்ஸ் நிறுவனம் செய்த எம்கே 262 தோட்டா, 77 கிரெயின் (சுமார் 5 கிராம்) சியெரா மேட்ச்கிங் குண்டு போட்டது. முதல் வடிவமான மாட் 0-வில் கேனலூர் இல்லை. மாட் 1-ல் கிரிம்ப்புக்காகவே லேசான கேனலூர் சேர்த்தார்கள். அது துல்லியத் தோட்டா என்ற பெயர் போகவில்லை. சீரான இயந்திரத்தில், சீரான குண்டில், லேசாகப் போட்டால் இழப்பு தாங்கக்கூடியதே. அந்தச் சீரை வீட்டு பெஞ்சில் கொண்டுவருவதுதான் பாடு.

செய்யும் முறை

கிரிம்ப் போடப் போகிற தொகுப்பில் முதல் நிபந்தனை கேஸ் நீளம். ரோல், டேப்பர் இரண்டிலும் டையின் படி ஒரே உயரத்தில் நிற்கிறது, கேஸ்தான் மேலேறி அதில் முட்டுகிறது. நீளமான கேஸ் அதிகமாக முட்டும். டையின் மரை அங்குலத்துக்கு 14 சுற்று, ஒரு முழுச் சுற்றுக்கு டை 1.8 மி.மீ. இறங்கும். கிரிம்ப் அளவை மாற்ற நாம் திருகும் எட்டில் ஒரு பங்குச் சுற்று 0.23 மி.மீ. ஆக, 0.1 மி.மீ. நீளம் கூடிய கேஸ், யாருக்கும் தெரியாமல் டையை அந்த எட்டில் ஒரு பங்கில் ஏறக்குறைய பாதி திருகி வைத்ததற்குச் சமம். .308-க்கு உச்ச நீளம் 51.18 மி.மீ., டிரிம் செய்யும் (வாயை வெட்டிக் குறைக்கும்) அளவு 50.93. .223-க்கு 44.70, டிரிம் 44.45. இந்த எண்ணுக்குக் கீழே இருந்தால் போதும் என்று விடாமல், தொகுப்பு முழுவதையும் 0.05 மி.மீ. வித்தியாசத்துக்குள் கொண்டுவர வேண்டும். சைசிங் கேஸை நீளச் செய்யும், எனவே டிரிம் எப்போதும் சைசிங்குக்குப் பிறகுதான். டிரிம் செய்த வாயின் உள்விளிம்பையும் வெளிவிளிம்பையும் மழுக்குங்கள். பிசிறு இருந்தால் ஜாக்கெட்டைச் சுரண்டும், மடிப்பும் அந்த இடத்தில் கோணும்.

எத்தனை முறை சுட்ட கேஸ் என்பதும் கலக்கக்கூடாது. பித்தளை ஒவ்வொரு முறை விரிந்து சுருங்கும்போதும் கடினமாகிக்கொண்டே போகும். கடினமான கழுத்து சைசிங் டையை விட்டு வந்ததும் சற்று அதிகமாகத் திரும்ப விரியும், கிரிம்ப்பையும் முழுதாக ஏற்காமல் உதறும். ஒரு முறை சுட்டதும் ஆறு முறை சுட்டதும் ஒரே பெட்டியில் இருந்தால் டை ஒன்று, விளைவு இரண்டு. சில முறைக்கு ஒருமுறை கழுத்தை மட்டும் சூடாக்கிப் பதம் இளக்கினால் பிடி மறுபடி ஒத்துவரும். அடிப்பாகம் மட்டும் சூடாகவே கூடாது, அது இளகினால் அழுத்தம் தாங்காது.

குண்டை உட்கார வைப்பதும் கிரிம்ப்பும் ஒரே டையில் ஒரே அழுத்தலில் செய்ய முடியும், பல சீட்டிங் டைகளில் அந்த வசதி உண்டு. ரைஃபிளுக்கு அதைத் தவிர்ப்பது நல்லது. கடைசி ஓரிரு மி.மீ.யில் குண்டு இன்னும் கீழே இறங்கிக்கொண்டிருக்கும், அதே நேரம் வாய் உள்ளே மடங்கத் தொடங்கியிருக்கும். மடங்கும் விளிம்பு இறங்கும் குண்டைச் சீவும். முதலில் எல்லாவற்றையும் உட்கார வையுங்கள், பிறகு டையை மாற்றி எல்லாவற்றுக்கும் கிரிம்ப் போடுங்கள். நேரம் கூடும், அவ்வளவே.

ரோல் அல்லது டேப்பர் டையை அமைக்க, குண்டு உட்கார்ந்த தோட்டா ஒன்றை ராமில் வைத்து முழுதாக மேலேற்றுங்கள். டையைக் கையால் திருகி இறக்கிக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் வாய் முட்டுவது விரலில் தெரியும். ராமை இறக்கி, டையை எட்டில் ஒரு பங்குச் சுற்று இறக்கி, மறுபடி ஏற்றுங்கள். இறக்கி வெளிச்சத்தில் பாருங்கள். பிறகு பதினாறில் ஒரு பங்காக நகருங்கள். லீ காலெட் டைக்கு முறை வேறு: ராம் மேலே இருக்கையில் டை ஷெல் ஹோல்டரைத் தொடும் வரை திருகி, ராமை இறக்கி, அரைச் சுற்று கூடுதலாக இறக்கித் தொடங்குங்கள். கேஸ் இல்லாமல் ஓங்கி அழுத்திப் பார்க்காதீர்கள், காலெட் நெரிந்து அதன் பிளவுகள் திறக்காமல் போகலாம்.

அளவுக்குக் கண்ணை மட்டும் நம்ப வேண்டாம். கிரிம்ப்புக்கு முன் வாயின் வெளிவிட்டத்தைக் காலிபரில் அளந்து எழுதிவையுங்கள். டேப்பர், காலெட் இரண்டிலும் 0.002 முதல் 0.003 அங்குலம் குறைந்திருந்தால் லேசான கிரிம்ப் விழுந்துவிட்டது. பத்துத் தோட்டாவில் அந்த அளவு எவ்வளவு ஊசலாடுகிறது என்று பார்ப்பது ஒரே தோட்டாவை மிகக் கவனமாக அளப்பதைவிடப் பயன்படும்.

ஏற்கெனவே கிரிம்ப் இல்லாமல் சுட்டுக்கொண்டிருந்த மருந்தளவுக்குப் புதிதாக கிரிம்ப் சேர்க்கிறீர்கள் என்றால், அது வேறு லோடு என்று எடுத்துக்கொள்ளுங்கள். கையேடு சொல்லும் தொடக்க அளவுக்குத் திரும்பி மேலேறி வர வேண்டும். உச்சத்தை ஒட்டிய லோடில் இந்தப் படியைத் தாண்டுவது முட்டாள்தனம்.

எங்கே கெடும், ஏன்

மிகச் சாதாரணமான கேடு தோள் உப்புவது. ரோல் டை அதிகம் இறங்கிவிட்டது, அல்லது கேனலூர் வாய்க்கு நேரே இல்லை. மடங்க இடமில்லாத விசை கேஸைக் கீழ்நோக்கி அமுக்குகிறது, பாட்டில் வடிவக் கேஸில் தோளுக்குக் கீழே அது புடைத்துக்கொள்கிறது. சிறிய புடைப்பு இருந்தாலே சேம்பரில் ஏறாமல் போகலாம், போல்ட் மூட மறுக்கலாம். கண்ணுக்குத் தெரியாது, தோளோரம் விரலை உருட்டினால் நெருடும். தொகுப்பில் முதல் தோட்டாவைக் கேஸ் கேஜில் (சேம்பர் அளவுக்குக் கடைந்த சோதனைக் குழாய்) போட்டுப் பார்த்த பிறகே மற்றவற்றைத் தொடுங்கள்.

இன்னொரு கேடு கேட்டால் நம்ப முடியாத மாதிரி இருக்கும்: அதிகமாக நெரித்தால் குண்டு தளரும். பித்தளைக்கு மீள்தன்மை உண்டு, ஈயத்துக்கு அநேகமாக இல்லை. டை இரண்டையும் சேர்த்து அமுக்குகிறது. டை விலகியதும் பித்தளை சற்றுத் திரும்ப விரிகிறது, உள்ளே சுருங்கிய ஈயம் சுருங்கியபடியே கிடக்கிறது. இரண்டுக்கும் நடுவே இருந்த கழுத்துப் பிடி காணாமல் போகிறது. கிரிம்ப் மட்டும் வாயோரம் ஒரு வளையமாக நிற்கும், கழுத்து முழுக்க இருந்த கவ்வல் போய்விடும். குண்டைக் கையால் திருகினால் சுழலும். இதைப் பார்த்துவிட்டு இன்னும் இறுக்குபவர்கள் உண்டு, இன்னும் தளரும். கழுத்துப் பிடியே இல்லாத கேஸைக் கிரிம்ப் போட்டுக் காப்பாற்ற முடியாது என்பதும் இதிலிருந்தே வருகிறது. சைசிங் டைக்குள் கழுத்தை உள்ளிருந்து விரிக்கும் எக்ஸ்பாண்டர் உருண்டை பெரிதாக இருந்தால் அதை மாற்றுவதுதான் வைத்தியம்.

பிடி போதுமா என்று பார்க்க, தோட்டாவின் நீளத்தை ஓஜைவ் கம்பேரட்டரில் (மூக்கு வளைவின் ஓரிடத்திலிருந்து அளக்கும் கருவி) அளந்து எழுதுங்கள். மூக்கு நுனியிலிருந்து அளந்தால் மேட்ச் குண்டுகளின் நுனி ஏற்ற இறக்கமே ஏமாற்றிவிடும். தோட்டாவை மேகசினில் வைத்து, போல்ட்டை முழு வேகத்தில் விட்டு ஏற்றி, சுடாமல் வெளியே எடுத்து மறுபடி அளங்கள். குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்து, சுடும் இடத்தில் மட்டுமே இதைச் செய்ய வேண்டும். வித்தியாசம் 0.05 மி.மீ.க்குள் இருந்தால் கவலை இல்லை. ஐந்து தோட்டாவில் ஒன்று 0.2 மி.மீ. நகர்ந்திருந்தால்கூடப் பிடி சீராக இல்லை என்று பொருள். அப்போது முதலில் கழுத்தைக் கவனியுங்கள், கிரிம்ப் அடுத்தது.

சோதனை என்ற பெயரில் நடக்கும் வேடிக்கை

கிரிம்ப் போட்டு ஒரு குரூப், போடாமல் ஒரு குரூப், சின்னது எதுவோ அது வென்றது. இப்படித்தான் பெரும்பாலான தீர்ப்புகள் வருகின்றன. ஒரே தோட்டாவால் சுட்ட ஐந்து குண்டு குரூப்களே சராசரியிலிருந்து கால் பங்கு கூடவும் குறையவும் இருப்பது சர்வசாதாரணம். சராசரி 20 மி.மீ. என்றால் 15-ம் வரும், 25-ம் வரும், எதையும் மாற்றாமலேயே. இந்த ஊசலாட்டத்தை வைத்துக் கணக்குப் போட்டால், 30 சதவீத வித்தியாசத்தை நம்பிச் சொல்வதற்கே இரண்டு பக்கமும் ஆறேழு குரூப் வேண்டும். 10 சதவீத வித்தியாசத்தைப் பிடிக்க ஒவ்வொரு பக்கமும் ஐம்பதுக்கு மேல் வேண்டும், மொத்தம் 500 தோட்டாவைத் தாண்டும். அவ்வளவு சுடுவதற்குள் குழலின் தொண்டையே தேய்ந்து கணக்கு மாறத் தொடங்கும். லேசான, சீரான கிரிம்ப்பால் வரும் மாற்றம் பெரும்பாலும் இந்தச் சிறிய வகையைச் சேர்ந்தது என்பதால் வாக்குவாதம் தீராமல் நீள்கிறது.

குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃபும் அப்படியே. ஐந்து குண்டில் திட்ட விலக்கம் 6 மீ/வி என்று காட்டினால், உண்மை மதிப்பு 4-க்குக் கீழும் இருக்கலாம், 15-ஐத் தாண்டியும் இருக்கலாம். 20 குண்டு சுட்டால்தான் எண்ணுக்கு ஓரளவு மரியாதை வரும்.

நடைமுறையில் செய்யக்கூடியது இது. ஒரே லாட் (தயாரிப்புத் தொகுதி) குண்டு, ஒரே லாட் மருந்து, ஒரே எண்ணிக்கை முறை சுட்ட கேஸ், ஒரே ஆழம். நாற்பது தோட்டா கட்டி, இருபதுக்கு மட்டும் கிரிம்ப். மருந்தளவு பாதுகாப்பான நடுவளவில் இருக்கட்டும். இரண்டு இலக்குத் தாள் வைத்து, கிரிம்ப் ஒன்று, கிரிம்ப் இல்லாதது ஒன்று என்று மாற்றி மாற்றிச் சுடுங்கள். முதல் இருபதை ஒன்றாகவும் அடுத்த இருபதை ஒன்றாகவும் சுட்டால் குழல் சூடும் அழுக்கும் காற்றும் ஒரு பக்கத்துக்கே சேர்ந்துவிடும். இருபது இருபதாக விழுந்த இரண்டு குவியலின் வேக விலக்கத்தையும், 300 மீட்டர் அல்லது அதற்கு மேல் வாய்த்தால் செங்குத்துச் சிதறலையும் ஒப்பிடுங்கள். வித்தியாசம் கண்ணில் அடிக்காவிட்டால் உங்கள் ரைஃபிளுக்கு அது முக்கியமில்லை. மேகசின் கேட்டால் போடுங்கள், கேட்காவிட்டால் ஒரு படி வேலை மிச்சம்.

கிரிம்ப் தவறாக விழுந்த தோட்டாவைப் பிரிக்க காலெட் புல்லர் (குண்டைக் கவ்வி உருவும் கருவி) நல்லது. சுத்தியல் வகைப் புல்லரில் கேனலூரில் மடித்த குண்டு வெளியே வர நாலைந்து அடி கேட்கும். பிரைமர் உயிரோடு இருக்கிறது என்பதை மறக்காமல், கண்ணாடி அணிந்து செய்யுங்கள். வெளியே வந்த குண்டின் இடுப்பில் வளையம் பதிந்திருக்கும், சில நேரம் விட்டமும் சற்றுக் குறைந்திருக்கும். அதை மறுபடி நல்ல தொகுப்பில் கலக்க வேண்டாம். தனி டப்பாவில் போட்டு வைத்தால், சுத்தம் செய்த குழலைப் பழக்க முதலில் சுடும் இரண்டு மூன்று தோட்டாக்களுக்கு ஆகும்.